கிணற்றடியும் மைப்பேனையும்

நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது சட்டைப்பையில் நீலக்கறை படர்ந்திருந்தது. பேனையில் பிழையில்லை, அரைவாசி மையோடு வெயிலில் திரிந்த என்னில்தான் பிழை. சூட்டில் பேனைக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். வெளிக்கிடுமுன் பேனையை நிரப்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை.

வாங்கும் மை ஊற்றுப்பேனைக்கென்றே செய்ததா என்று பாருங்கள். 1931இல் வந்த பார்க்கர் குவிங்க் போன்றவை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சாயம். காய்ந்து அடைத்தாலும் கழுவலாம். படம் வரையும் இந்தியன் இங்கில் கரியும் அரக்கும் உண்டு. உள்ளே காய்ந்தால் பேனை போச்சு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த பழைய மையில் எழுத்து நிலைக்கும், ஆனால் அதன் அமிலம் உருக்கு நிப்பை அரிக்கும்.

கழுவும் தண்ணீரையும் பார்க்கவேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றுத்தண்ணீர் கேத்திலில் விடும் வெள்ளைப்படிவு நிப்பின் பிளவிலும் சேரும். அதனால் மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரால் மாதம் ஒருமுறை பேனையைக் கழுவுகிறேன். கொதிதண்ணீர் கூடாது.

போத்தலை இறுக மூடி இருட்டு அலுமாரியில் வையுங்கள். வெயில் நிறத்தைக் கெடுக்கும். இரண்டு மைகளைக் கலக்காதீர்கள். பூஞ்சணம் மிதந்தால் யோசிக்காமல் போத்தலோடு எறிந்துவிடுங்கள்.