சங்கிலியும் பற்சக்கரமும்

1955-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் வண்டிகளைத் தஞ்சை வட்டாரத்தில் இன்றும் காண்கிறேன். எஞ்சினைப் போற்றுவோர் பலர். பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியை நோக்குவோர் சிலரே. ஓட்டத்தில் அது அறுந்து சிக்கிக்கொண்டால் சக்கரம் இறுகிவிடும். உயிருக்கே ஊறு நேரலாம்.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, தேய்கிறது. வயற்சேறும், சாலையில் கதிரடிக்கும்போது எழும் தூசியும் எண்ணெயோடு கலந்து, கண்ணிகளைப் பிணைக்கும் ஊசிகளை அரம்போல் அராவுகின்றன. ஆகவே, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உலர்ந்த பின்னரே எண்ணெயிடுதல் வேண்டும்.

தேய்வை அளப்பது எளிது, மாணவர்களே! புல்லட் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 5/8 அங்குலம். எனவே, 20 கண்ணிகள் 12½ அங்குலம். அது 12¾ அங்குலமானால், நூற்றுக்கு 2 பங்கு மிகுந்துவிட்டது. சங்கிலியை மாற்றிவிட வேண்டும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின் பற்சக்கரங்களையும் உடன் மாற்றுக. தேய்ந்த பல் புதுச் சங்கிலியையும் விரைவில் கெடுத்துவிடும்.

முன் பற்சக்கரத்தில் பல் கூடினால் வேகம் மிகும். குறைந்தால் இழுவை மிகும். நெடுஞ்சாலையில் செல்வோர்க்கு முன்னது நன்று. நெல் மூட்டையேற்றி ஆற்றங்கரைச் சேற்றில் செல்வோர்க்குப் பின்னதையே நான் பரிந்துரைப்பேன்.