அப்பாவைவிட மகனுக்கு ஏன் அதிகம் பசிக்கிறது, தெரியுமா?

தீபாவளிக்கு வாங்கிய செருப்பு பொங்கலுக்குள் பத்தாமல் போய்விட்டதா? பையனைத் திட்டாதீர்கள்! பதின்ம வயதில் உயரம் கூடுவதற்கு முன்பே பாதம் வளரத் தொடங்கிவிடும், தெரியுமா? முதலில் பாதமும் கையும், அப்புறம் கால் எலும்பு, முதுகெலும்பு எல்லாம் கடைசியில்தான். கொஞ்ச நாளைக்கு ஒட்டடைக் குச்சி மாதிரி கையும் காலுமாகத் திரிகிறானே, அது இதனால்தான்.

இந்த வளர்ச்சியை உட்கார்ந்து அளந்தார் ஒரு பிரெஞ்சு அப்பா! 1759இல் பிறந்த தன் மகனை மோம்பெய்யார் பிரபு சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிற்கவைத்து, 18 வயதுவரை அளந்து குறித்துவைத்தார். பதின்ம வயதில் உயரம் திடீரென எகிறுவது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது: மாலையைவிடக் காலையில் மகன் உயரம்! பகலெல்லாம் முதுகெலும்பின் தட்டுகள் அமுங்கி, இரவில் படுத்ததும் மீள்கின்றன. நமக்கும் அப்படித்தான்.

சரி, பையன்களின் வளர்ச்சியை நிறுத்துவது எது? ஈஸ்ட்ரோஜன்! ஆமாம், பெண்களுக்கானது என்று நாம் நினைக்கிற அதே ஹார்மோன்தான். 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்! ஈஸ்ட்ரோஜனுக்கு அவர் உடல் செவிசாய்க்கவே இல்லை. எலும்பின் நுனிகள் மூடவில்லை. எலும்போ வலுவில்லாமல் மெலிந்திருந்தது.

எலும்பு என்றதும் இதையும் கேளுங்கள். உயரம் வேகமாகக் கூடும் அந்த இரண்டே வருடத்தில், பெரியவர்களின் எலும்புச் சத்தில் கால்பங்கு சேர்ந்துவிடுகிறது! பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் எலும்பு கூடுதல். பெரியவளாவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆட வந்தவர்களுக்கு, பிறகு வந்தவர்களைவிட அந்தப் பலன் ஏறத்தாழ இரு மடங்கு! பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பள்ளிகள் கவனிக்க.

13 வயதிலிருந்து 15 வரை தினம் 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் கேழ்வரகில் மட்டும் 364 மில்லிகிராம். அதே அளவு பாலில் அதில் மூன்றில் ஒரு பங்குதான்! கேழ்வரகில் இருக்கும் ஃபைடேட் அந்தக் கால்சியத்தை உடலில் ஒட்டவிடாமல் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் இரவே கரைத்துப் புளிக்கவைத்த கூழில் ஃபைடேட் குறைந்துவிடும். பாட்டி எதையும் சும்மா செய்யவில்லை.

இப்போது தலைப்புக்கு வருவோம். 16 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 3,320 கலோரி வேண்டும். ஓரளவு ஓடியாடி வேலை செய்யும் அப்பாவுக்கோ 2,710! இன்னொரு தோசை கேட்டால் முறைக்காதீர்கள். அதே பையன் ஜிம்மில் சேர்ந்து புரோட்டீன் பவுடர் டப்பா கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அவனுக்கு வேண்டியது நாளைக்கு 55 கிராம் புரதம். முட்டைக்கு 6 கிராம், கைப்பிடி வேர்க்கடலைக்கு 7, மீதி பருப்பிலும் சுண்டலிலும் சோற்றிலும் தயிரிலும் வந்துவிடுகிறது.

இரும்புச் சத்துக் கணக்கு இன்னும் ஆச்சரியம்! அப்பாவுக்கு 19 மில்லிகிராம். 14 வயது மகனுக்கு 22. அதே வயது மகளுக்கு 30! ஆனால் பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல மாத்திரை இதற்குத்தான். அதை விழுங்கிய பின் மலம் கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம்தான்.

சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேருவது வெகுவாகக் குறையும், தெரியுமா? வைட்டமின் சி இருந்தால் நேர்மாறு. நூறு கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல், ஆரஞ்சைப் போல நாலு மடங்கு! பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்களே, அதே கொய்யாதான். மதியச் சாப்பாட்டோடு அதில் இரண்டு கீற்று போதும்.

அப்புறம் தூக்கம். இந்த வயதில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். பதினோரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பதில் செல்போனுக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியும் அதன்மேல் இல்லை. வேண்டியதோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஊற்றெடுப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். விடிகாலை ஐந்தரைக்கு ட்யூஷன் வைப்பவர்களிடம் இதை யார் போய்ச் சொல்வது?