ஐதரசனின் குரலும் இருட்பொருளும்

வானொலிப் பெட்டியின் முள்ளை இரு நிலையங்களுக்கு இடையில் நிறுத்தினால் இரைச்சல் கேட்கின்றது. அவ்விரைச்சலில் ஒரு பங்கு வானத்திலிருந்து வருவது என்றால் நேயர்கள் வியப்படையலாம். நமது பால்வீதியே ஒரு பெரும் ஒலிபரப்பு நிலையம் எனத் தகும். அதன் ஆரவாரத்தினுள்ளே, அதனிலும் பல்லாயிரம் மடங்கு மெலிந்த குரலொன்றை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர். முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து ஐதரசன் வாயுவின் குரல் அது.

ஐதரசன் அணு, 21 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலையை வெளியிடவும் உட்கொள்ளவும் வல்லது. 1944இல், செர்மானியரின் பிடியிலிருந்த ஒல்லாந்தில், வான் டெ ஹல்ஸ்ற் என்னும் இளைஞர் இதனைக் கணித்துக் கூறினார். 1951இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஈவனும் பேர்செலும் அவ்வலையைக் கண்டறிந்தனர். பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீளும். ஆதலின் முதல் விண்மீன்களின் காலத்து அலை இன்று ஏறத்தாழ 4 மீற்றர் நீளத்தோடு நம்மை வந்தடையும்.

இருட்பொருளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒளிராது, ஒளியை மறைக்காது, ஈர்ப்பினால் மாத்திரம் தன் இருப்பை உணர்த்தும் அப்பொருள், நாம் அறிந்த சாதாரண பொருளைப்போல் ஐந்து மடங்கு உண்டு. ஆதியில் அது சிறு சிறு திரள்களாகக் கூடிற்று. பள்ளங்களில் மழைநீர் தேங்குமாப்போல அத்திரள்களில் வாயு வீழ்ந்து இறுகியே முதல் விண்மீன்கள் தோன்றின. இருட்பொருளின் துகள்கள் இலேசானவையாய் விரைந்தோடுவனவாயின், சிறு திரள்கள் உருவாக மாட்டா. விண்மீன்கள் தாமதித்தே பிறக்கும். ஐதரசனின் குரலும் பிந்தியே எழும். ஆகவே அக்குரல் எக்காலத்தது என்று அறிந்தால், எவரும் கண்டிராத பொருளின் இயல்பையே ஓரளவு அறிந்தவராவோம்.

2018இல், மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் நிறுவப்பட்ட எட்ஜஸ் என்னும் சிறு கருவி, 78 மெகாஹேர்ட்ஸ் அளவில் அலைவலிமை சற்றே தாழ்ந்திருப்பதைக் காட்டியதாக ஜட் போமன் குழுவினர் அறிவித்தனர். (பண்பலை ஒலிபரப்புகள் 88 மெகாஹேர்ட்ஸிலேயே தொடங்கிவிடுவதால், இவ்வாராய்ச்சியாளர் நம்போன்ற ஒலிபரப்பாளரைக் கண்டு ஓடவேண்டியவராயினர்!) அத்தாழ்வு பெருவெடிப்பின் பின் 18 கோடி ஆண்டளவில் உண்டானது. ஆனால் அதன் ஆழம் எதிர்பார்த்ததிலும் இரு மடங்குக்கு மேல். அங்ஙனமாயின் வாயு எண்ணியதிலும் குளிர்ந்திருத்தல் வேண்டும். அதனைக் குளிர்வித்தது இருட்பொருளே என ரெனன் பர்க்கானா கருத்துரைத்தார்.

உண்மையாயின் அது பெருங் கண்டுபிடிப்பு. ஆயினும் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தார், தரையின் குழப்பம் புகாதிருக்கும்பொருட்டு, சாரஸ் என்னும் தங்கள் கருவியை 2020இல் கர்நாடகத்து நீர்நிலைகளில் மிதக்கவிட்டு அளந்தனர். 2022இல் வெளியான அவர்தம் முடிவில் அத்தாழ்வு காணப்படவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட உறுதியுடன் அவர்கள் அதனை மறுத்தனர். ஐயம் இப்போது வானத்தை விட்டுக் கருவியின் மீது திரும்பியுள்ளது.