ஆபிரிக்கக் கிராமப் பாடசாலைகளும் மலேரியாவும்

இலங்கையிலே 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாச் சுரம் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அந்நோய் அற்ற நாடு இதுவென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் சான்று வழங்கிற்று. ஆதலின் நம் மாணவர்க்கு மலேரியா இன்று பாடநூற் செய்தியாகிவிட்டது. ஆபிரிக்கக் கிராமங்களிலோ அது இன்னும் வகுப்பறையை விட்டு நீங்கவில்லை. அதன் தன்மையையும் தடுக்கும் வழிகளையும் ஈண்டு ஆராய்வோம்.

2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 597,000 பேர் மலேரியாவால் இறந்தனர் எனக் கணித்துள்ளனர். அவருள் நூற்றுக்கு 95 பேர் ஆபிரிக்கப் பகுதியினர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். எனவே மருத்துவர் கவனம் முதற்கண் அக்குழந்தைகள்பாற் செல்வது முறையே.

பள்ளிப் பருவத்தினர் நிலை வேறு. நோய் பலமுறை வந்து சென்றமையால் அவர்கள் உடல் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றது. கிருமி குருதியில் இருந்தும் சுரம் தோன்றாது. பிள்ளை வழக்கம்போற் பாடசாலைக்கு வருவான். ஆனால், கிருமி செங்குருதிக் கலங்களை அழித்தலால் இரத்தசோகை உண்டாகின்றது. சோர்வு மிகும், கவனம் சிதறும். அவனைக் கடித்த நுளம்பு பிறர்க்கும் கிருமியைக் கொண்டுசெல்லும். வீட்டிலுள்ள நுளம்பு வலை தாய்க்கும் கைக்குழந்தைக்குமே போதுமாகையால், இப்பிள்ளை பெரும்பாலும் வலையின்றியே உறங்குகின்றான்.

இக்கேடு கல்வியைத் தாக்குவதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கையில் மலேரியா நிலவிய ஒரு பகுதியில் மாணவர்க்குக் குளோரோகுயின் கொடுத்து ஆராய்ந்தனர். மலேரியாவால் பாடசாலைக்கு வராத நாட்கள் பாதிக்கு மேற் குறைந்தன. மொழியிலும் கணிதத்திலும் புள்ளிகள் உயர்ந்தன என 2006ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று. மேற்குக் கென்யாவின் 30 பாடசாலைகளில், நோய்க்குறி நோக்காது, தவணைக்கு ஒருமுறை எல்லா மாணவர்க்கும் மருந்து கொடுத்தனர். இரத்தசோகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வகுப்பிற் கவனமும் கூடிற்று. இது 2008ஆம் ஆண்டில் வெளியான முடிபு.

இவ்வகை ஆராய்ச்சிகளின் பயனாக, மலேரியா மிகுந்த இடங்களிற் பள்ளிப் பருவத்தினர்க்கும் இவ்வாறு மருந்து வழங்கலாமென உலக சுகாதார தாபனம் 2022ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. தன்சானியாவின் தென்பகுதியில் 2013ஆம் ஆண்டு முதல் பாடசாலை வாயிலாகவே மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. 2021ஆம், 2023ஆம் ஆண்டுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இரு தடுப்பூசிகளும் சிறு குழந்தைகட்கே உரியன. ஆதலின் மாணவர்க்கு வலையும் மருந்துமே துணை. இவற்றிலும் இடர் உண்டு. நுளம்பு நஞ்சுக்கும், கிருமி மருந்துக்கும் பழகிவிடுகின்றன. எனவே நோயாளர்க்கு முதலிற் கொடுக்கும் மருந்தை விடுத்து, வேறொன்றையே தடுப்புக்குத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இம்முயற்சியில் ஆசிரியர் பங்கு பெரிது. மருத்துவமனை தொலைவிலிருக்கும் கிராமத்திலும் பாடசாலை அணித்தே உள்ளது. பிள்ளைகளை நாடோறும் காண்பவர் ஆசிரியரே. கடைசி வாங்கில் தலைசாய்த்திருக்கும் பிள்ளையை மந்தன் என்று ஒதுக்குமுன், அவன் உடம்பிற் போதிய குருதி உண்டோவென்று வினாவுதல் அவர் கடன். எந்நாட்டு ஆசிரியர்க்கும் இது பொருந்துமென்பதே நம் கருத்து.