பாரிமுனையில் பர்மாவின் ருசி

சென்னை பாரிமுனையை ஒட்டிய செகண்ட் லைன் பீச் சாலைக் கடைகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலக்குவதைக் கவனித்துப் பாருங்கள். வேகவைத்த நூடுல்ஸோடு மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைகிறார்கள். மேலே மொறுமொறுவென்று நொறுக்கிய பேஜோ என்ற பொரித்த தட்டை, பக்கத்தில் சூடான வாழைத்தண்டு சூப். 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் கொண்டுவந்த ருசி இது. சொத்தைப் பறிக்க முடிந்த அரசால் கைப்பக்குவத்தைப் பறிக்க முடியவில்லை.

பிழைப்புக்காக விற்றார்கள், இதில் பர்மா மீதான பாசம் எங்கே என்று கேட்கலாம். வெறும் பிழைப்பு என்றால் இட்லிக்கடையே போதுமே! பழகிய நாக்குகள் இருந்ததால்தான் பழக்கமில்லாத உணவும் இங்கே நிலைத்தது. இது அசல் பர்மியச் சமையல் அல்ல என்பது இன்னொரு வாதம். உண்மைதான்; அங்கே மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சூப்புக்கு மீன்சாறுதான் உயிர், இங்கே பல கடைகளில் வாழைத்தண்டு மட்டுமே. ஆனால் அந்த மாற்றம்தான் இரண்டாவது வீட்டின் கையெழுத்து. பர்மாவை விட்டு வந்த இதே தமிழர்களில் ஒரு பகுதியினர் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, இட்லி தோசையை அங்கே பழக்கினார்கள். பர்மாவின் வாசலில் தமிழ்நாட்டையும் தமிழ்நாட்டில் பர்மாவையும் சமைத்தவர்களை வேரற்றவர்கள் என்பது தவறு; அவர்களுக்கு வேர் இரண்டு.