உஷார்! வாயால் சொன்னால் ஃபீஸ் திரும்பாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே ‘சீட் போயிடும்’ என்ற பதற்றத்தில் கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பெற்றோர் அட்வான்ஸ் கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் காலேஜில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பிறகு கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் என்றால் கட்டணத்தை அரசே ஏற்கும். அந்த நேரம் பார்த்து முதல் காலேஜ் கழுத்தைப் பிடிக்கிறது: “மீதி வருஷத்து ஃபீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கோங்க.”

பயந்து கட்டிவிடாதீர்கள்! அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. ஒரிஜினலைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும் என்று யூஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. விலகும் மாணவரிடம் அடுத்த வருடங்களின் கட்டணத்தைக் கேட்கக்கூடாது என்பது ஏஐசிடிஇ விதி.

கட்டிய பணம் எவ்வளவு திரும்பும் என்பது தேதியைப் பொறுத்தது. 2018 விதிப்படி, அட்மிஷன் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத்தொகை; அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அதன்பின் கடைசி நாள்வரை 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அதற்கும் மேலே போனால் காஷன் டெபாசிட் மட்டும்தான். 2024-25இல் செப்டம்பர் 30 வரை முழுத்தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தம் என்று யூஜிசி தளர்த்தியது. உங்கள் வருடத்துக்கு என்ன அறிவிப்பு என்று உடனே பாருங்கள்.

இத்தனை கணக்கும் நீங்கள் எழுதிக் கொடுத்த தேதியை வைத்துத்தான். “கரஸ்பாண்டன்ட் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு வாரம் போச்சு, பணமும் போச்சு! விலகல் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட், இமெயில் இரண்டிலும் அனுப்புங்கள். விண்ணப்பம் கிடைத்த 15 நாளில் அவர்கள் பணம் தந்தாக வேண்டும்.

கன்ஸ்யூமர் கோர்ட் இருக்கிறதே என்று தெம்பாக இருக்க வேண்டாம். சேலம் விநாயகா மிஷன்ஸ் பல்கலைக்கழகம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில், கோச்சிங் சென்டர் தவிர மற்ற கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எனவே முதலில் யூஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள். கட்டிய ரசீதும், சீல் வைத்த கடிதமும் கையில் இருக்க வேண்டும். அட்வான்ஸுக்குத் துண்டுச் சீட்டு மட்டும் வாங்கி வந்தவர்கள் நாளைக் காலையே போய் முறையான ரசீது கேளுங்கள்.