நல்லதங்காள் கையைப் பிடித்தவள்

நல்லதங்காள் கதை தெரியாத பெண் நம் தெற்குச் சீமையில் உண்டோ? பன்னிரண்டு வருஷப் பஞ்சம். மானாமதுரையிலிருந்து ஏழு குழந்தைகளோடு தாய்வீடு தேடி வந்தாள். அண்ணி மூளி அலங்காரி முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. 1935-லும் 1955-லும் சினிமாவாகவும் வந்த கதை.

இதைத்தான் ராஜபாளையத்தில் கூத்துக் கலைஞர்கள் புதுமாதிரியாக மேடையேற்றினார்கள். தப்பும் உருமியும் பழையபடிதான். ஆனால் நல்லதங்காள் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். புருஷன் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், வாசலில் கந்துவட்டிக்காரன். "இது என்ன சத்திரமா?" என்று அண்ணி கேட்டதும் கூட்டம் சிரித்தது.

கிணற்றடியில் சிரிப்பு அடங்கிவிட்டது. "என்னை விட்டுரும்மா!" என்று மூத்தவன் கதற, மேளம் நின்றது. தண்ணீருக்கு வந்த ஒருத்தி குடத்தை இறக்கி வைத்து அவள் கையைப் பிடித்தாள். "மொதல்ல பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்துவோம் தாயி. மத்ததைப் பொறவு பேசுவோம்."

"கதையை மாத்திப்புட்டாகளே!" என்றார் பக்கத்திலிருந்த பாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பழைய கதையில் சிவனும் பார்வதியும் வந்துதான் உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

சகோதரிகளே! கடனோ, குடிகாரக் கணவரோ, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வோ, "நாங்க இருந்து என்ன?" என்று ஒரு தாய் சொன்னால் வெறும் பேச்சென்று விடாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகலாகத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வீட்டில் அடி, உதை என்றால் 181.